படம் பளிச்... குரல் எங்கே? எடிட்டிங் மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஒலிக்கூடம்!

சிவகங்கைப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 84 வயது அப்பத்தா கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். சின்ன இரும்பு உரலில் வெற்றிலையை இடித்தபடியே கதை சொல்கிறார். 1942-ல் ஜப்பான் படைகள் பர்மாவுக்குள் நுழைந்தபோது, அங்கே வேலையில் இருந்த அவருடைய அப்பா காடும் மலையுமாக நடந்தே ஊர் வந்து சேர்ந்த கதை. அந்தக் கதையை அந்த மனிதரின் வாயாலேயே கேட்டவர்களில் இப்போது மிச்சம் இருப்பது அப்பத்தா ஒருவர்தான்.

பேரன் எதிரே உட்கார்ந்து செல்போனில் வீடியோ எடுக்கிறான். தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது. அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கிறது. தெருவில் பழைய இரும்பு வாங்குபவர் மைக் கட்டிய வண்டியில் போகிறார்.

ராத்திரி குடும்பமே டி.வி முன்னால் கூடுகிறது. படம் அருமை. அப்பத்தாவின் மூக்குத்திகூட மின்னுகிறது. ஆனால்...

"என்னடா, அப்பத்தா என்ன சொல்றாகன்னே கேக்கலையே!"

"ஃபேன் சத்தம்தான் கேக்குது. வால்யூமைக் கூட்டு."

வால்யூமைக் கூட்டினால் ஃபேனும் சேர்ந்து கூடுகிறது. பத்து நிமிடத்தில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள்.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. பிறந்தநாள் வீடியோ, சமையல் சேனல், ஆன்லைன் பாடம், கோயில் திருவிழா, கல்யாண வாழ்த்து என்று செல்போனில் எடுக்கப்படும் முக்கால்வாசி வீடியோக்களின் தலையெழுத்து இதுதான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியவில்லை என்றால் அடுத்த நொடியே தள்ளிவிடுவார்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், இதைச் சரிசெய்யும் கருவிகளை இப்போது தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வீடியோவை வெட்டி ஒட்டும் அதே மென்பொருளுக்குள்ளேயே ஒரு குட்டி ஒலிக்கூடம் இருக்கிறது. பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. எட்டிப் பார்க்கும் சிலரோ எல்லாத் திருகாணிகளையும் முழுசாகத் திருகி, இருந்த குரலையும் கெடுத்துவிடுகிறார்கள்.

காதுக்குத் தெரிந்தது மைக்குக்குத் தெரியாது

வீடியோ எடுக்கும்போது பேரனுக்கு ஃபேன் சத்தம் கேட்கவே இல்லையே, அது எப்படி? அது மூளை செய்யும் வேலை. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் கூட்டமும் இரைந்துகொண்டிருக்க, பக்கத்தில் இருக்கும் சித்தி சொல்லும் ரகசியம் மட்டும் நம் காதில் தெளிவாக விழுகிறது அல்லவா? வேண்டியதைப் பிடித்து, வேண்டாததை ஒதுக்கும் இந்தத் திறமையை 1953-ல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்தார். 'காக்டெய்ல் பார்ட்டி எஃபெக்ட்' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

மைக்குக்கு அந்த மூளை இல்லை. அதற்கு அப்பத்தாவும் ஒன்றுதான், ஃபேனும் ஒன்றுதான்.

அடுத்த விஷயம் தூரம். ஒலியின் அளவை டெசிபல் என்ற அலகில் சொல்வார்கள். பேசுபவருக்கும் மைக்குக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டு மடங்கானால், நேராக வந்து சேரும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். ஆறடி தள்ளி இருந்த செல்போனை மூன்றடிக்குக் கொண்டுவந்தால் குரல் 6 டெசிபல் கூடும். ஒன்றரை அடிக்கு வந்தால் 12 டெசிபல். ஃபேன் சத்தமோ இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த மென்பொருளும் தர முடியாத சுத்தத்தை, நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவது தந்துவிடும்.

செல்போன் செய்யும் இன்னொரு குறும்பும் உண்டு. பல போன்கள் வீடியோ எடுக்கும்போது ஒலியின் அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும். அப்பத்தா பேசும்போது அடக்கி வாசிக்கும். அவர் மூச்சு விட நிறுத்தினால், 'சத்தம் போதவில்லை' என்று நினைத்துக் கூட்டிவிடும். அதனால்தான் பேச்சின் இடைவெளியில் ஃபேன் 'உஸ்ஸ்' என்று மேலே எழும்பி வருகிறது.

படகின் பெயரில் ஒரு பட்டன்

முன்பெல்லாம் படத்தை வெட்டுவது ஓர் இடம், ஒலியைச் செதுக்குவது வேறோர் இடம். சினிமாவில் இன்றும் அப்படித்தான். தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் நடிகர்கள் படப்பிடிப்பு முடிந்த பிறகு டப்பிங் தியேட்டரில் வந்து பேசுவார்கள். காலடி ஓசை, வளையல் சத்தம், கதவு கிறீச்சிடுவது எல்லாம் தனியாகப் பதிவாகும். ஹாலிவுட்டில் இந்த வேலைக்கு முன்னோடியாக இருந்த ஜாக் ஃபோலியின் பெயராலேயே அதை 'ஃபோலி' என்கிறார்கள். கடைசியில் மிக்ஸிங் என்ஜினீயர் பேச்சு, ஓசை, இசை மூன்றையும் ஒரே கோர்வையாக்குவார். 'மகாநதி' படத்துக்காக ஹெச்.ஸ்ரீதருக்குத் தேசிய விருது கிடைத்தது இந்த ஒலித் துறையில்தான். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக 2009-ல் ரசூல் பூக்குட்டி ஆஸ்கர் வாங்கியதும் ஒலிக்காகத்தான்.

அந்த ஒலிக்கூடம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்த கதை சுவாரசியமானது. 1975-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். சிட்னி துறைமுகத்தில் ஓடிய ஒரு படகின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஃபேர்லைட்! 1979-ல் அவர்கள் கொண்டுவந்த கருவி, எந்தச் சத்தத்தையும் கம்ப்யூட்டரில் பதிந்து அதையே பியானோ கட்டைகளில் வாசிக்க வைத்தது. நாய் குரைப்பதைப் பதிந்தால் அதில் ராகம் வாசிக்கலாம். பீட்டர் கேப்ரியல், கேட் புஷ், ஸ்டீவி வொண்டர் போன்ற பெரிய இசைக் கலைஞர்கள் அதை வாங்கினார்கள். சாமானியர்களால் அதன் விலையை நினைத்துப் பார்க்கக்கூட முடியாது.

பிறகு ஃபேர்லைட், சினிமா மற்றும் டி.வி-க்கான ஒலிக் கருவிகள் பக்கம் திரும்பியது. 2016-ல் மெல்போர்னைச் சேர்ந்த பிளாக்மேஜிக் டிசைன் அதை வாங்கியது. அந்தக் கம்பெனி ஏற்கெனவே 2009-ல் டாவின்சி என்ற அமெரிக்க வண்ணத் திருத்த நிறுவனத்தை வாங்கியிருந்தது. 2017-ல் வந்த டாவின்சி ரிசால்வ் 14-ம் பதிப்பில் ஃபேர்லைட் ஒரு தனிப் பக்கமாகச் சேர்ந்தது. அந்த மென்பொருளின் இலவசப் பதிப்பிலும் அந்தப் பக்கம் உண்டு. திரையின் கீழே இசைக் குறியீடு போல ஒரு சின்னம் இருக்கும். அதைத் தட்டினால், ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோக்களால் மட்டுமே வாங்க முடிந்த ஃபேர்லைட்டின் வாரிசு உங்கள் முன்னால் திறக்கும்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. 2003-ல் 'கூல் எடிட்' என்ற ஒலி மென்பொருளை வாங்கி ஆடிஷன் என்று பெயர் மாற்றிய அடோபி, 2017-ல் பிரீமியர் புரோவுக்குள் 'எசென்ஷியல் சவுண்ட்' என்ற பகுதியைத் திறந்தது. இது பேச்சா, இசையா, ஓசையா, சூழல் சத்தமா என்று சொல்லிவிட்டால், அதற்கேற்ற திருகாணிகளை மட்டும் அது எடுத்து வைக்கும். ஆப்பிளின் ஃபைனல் கட் புரோவில் 2022-ல் குரலைப் பிரித்தெடுக்கும் வசதி வந்தது. மேக் கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் ஐமூவியில்கூடப் பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வசதி உண்டு. செல்போன் மட்டும்தான் இருக்கிறதா? 2023-ல் இந்தியாவிலும் அறிமுகமான 'யூடியூப் கிரியேட்' செயலியில் ஒலியைச் சுத்தம் செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது.

பெயர்களும் பொத்தான்களும் மாறலாம். உள்ளே நடக்கும் வேலைகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை எந்த வரிசையில் செய்வது என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதல் வேலை: மூலத்தைக் காப்பாற்றுங்கள்

எதையும் தொடுவதற்கு முன், எடுத்த வீடியோவை அப்படியே ஒரு பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ நகல் எடுத்து வைக்க வேண்டும். அந்த நகலை யாரும் தொடக் கூடாது. இன்று முடியாத சுத்திகரிப்பு ஐந்து வருடம் கழித்து வரும் மென்பொருளில் முடியலாம். மூலம் இருந்தால்தான் அதற்கு வாய்ப்பு.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய வீடியோவை எடிட் செய்ய எடுப்பது பெரிய தவறு. அளவைச் சுருக்குவதற்காக அது படத்தையும் ஒலியையும் நசுக்கிவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பலாம். அல்லது கேபிள் போட்டு நேராகக் கம்ப்யூட்டருக்கு மாற்றலாம்.

அடுத்தது ஹெட்போன். லேப்டாப்பின் ஸ்பீக்கரில் அடித்தொனி சரியாகக் கேட்காது. கேட்காத ஒன்றை எப்படிச் சரிசெய்வது? காதை மூடும் சாதாரண ஹெட்போன் போதும்.

அளவு: சிவப்பைத் தொடாதே

முதல் முறை எந்தத் திருகாணியையும் தொடாமல் முழுவதையும் கேட்க வேண்டும். எந்த இடத்தில் குரல் தாழ்கிறது, எங்கே விசில் அடிக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மென்பொருளின் ஓரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பாக ஏறி இறங்கும் மீட்டரில் உச்சி எண் பூஜ்யம். அதைத் தாண்டும் ஒலி கரகரவென்று உடையும். பேச்சின் உச்சங்கள் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவே விளையாடும்படி வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. பதிவு செய்யும்போதே உடைந்துபோன ஒலியைப் பிறகு முழுசாக மீட்க முடியாது. தாழ்வாகப் பதிவான குரலைத் தூக்கிவிடலாம். அதனால், பதிவில் கொஞ்சம் தாழ்வாக இருப்பது தப்பில்லை.

ரீங்காரம்: 50-ஆ, 60-ஆ?

ஃபிரிட்ஜ், மோட்டார், ஃபேன் ரெகுலேட்டர், சார்ஜரில் செருகிய மைக் என்று மின்சாரம் சார்ந்த எதுவும் 'ம்ம்ம்...' என்று ஓர் அடித்தொனியைக் கிளப்பும். நம் ஊர் மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முழுச் சுழற்சிகளை முடிக்கிறது. அதாவது 50 ஹெர்ட்ஸ். அதனால் இந்த ரீங்காரமும் 50, 100, 150 என்ற ஹெர்ட்ஸ் எண்களில்தான் வந்து உட்காரும். 'டி-ஹம்மர்' என்ற கருவி அந்த எண்களை மட்டும் குறிபார்த்து வெட்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இணையத்தில் இருக்கும் பயிற்சி வீடியோக்களில் நிறைய அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதைப் பார்த்து அப்படியே 60 என்று வைத்தால், ரீங்காரம் அங்கேயே இருக்கும், குரல்தான் கொஞ்சம் தேயும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லா இடங்களிலும் 50-தான்.

இதோடு 'ஹை பாஸ் ஃபில்ட்டர்' என்ற ஒன்றும் உண்டு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை எல்லாம் அது வடிகட்டிவிடும். மனிதப் பேச்சுக்கு அந்தப் பகுதியில் பெரிதாக வேலை இல்லை. லாரி போகும் அதிர்வு, மேஜை தட்டுவது, மைக்கில் காற்று மோதும் 'தொம் தொம்' எல்லாம் அங்கேதான் இருக்கும். வடிகட்டியதும் பேச்சு சட்டென்று லேசாகும்.

இரைச்சல்: ஃபேனுக்கு ஒரு கைரேகை

ரீங்காரம் போன பிறகும் ஃபேன் காற்றின் 'உஸ்ஸ்' மிச்சம் இருக்கும். அது ஓர் எண்ணில் நிற்காது. மேலிருந்து கீழ் வரை எல்லா அதிர்வெண்களிலும் புகை மாதிரி பரவியிருக்கும். இதற்குத்தான் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்'.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. யாரும் பேசாத, ஃபேன் மட்டும் ஓடும் ஒரு சில நொடிகளை அதற்குக் கேட்கக் கொடுக்க வேண்டும். ஃபேர்லைட்டில் அதற்கு 'லேர்ன்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அந்த இரைச்சலின் கைரேகையை அது மனதில் வைத்துக்கொண்டு, மொத்த வீடியோவிலிருந்தும் அந்த ரேகைக்குப் பொருந்துவதைக் கழித்துக்கொண்டே போகும்.

இதனால்தான் அனுபவசாலிகள் பேச்சு தொடங்குவதற்கு முன் பத்து நொடி யாரும் பேசாமல் அறையைப் பதிவு செய்கிறார்கள். இதற்கு 'ரூம் டோன்' என்று பெயர். அது இன்னொன்றுக்கும் உதவும். அப்பத்தா நடுவில் இருமிய இடத்தை வெட்டினால், அங்கே ஒரு குழி விழுந்தது போல் முழு மௌனம் வரும். காது அதை உடனே கண்டுபிடித்துவிடும். அந்தக் குழியில் அறையின் மௌனத்தைப் போட்டு நிரப்பினால், வெட்டியதே தெரியாது.

குக்கர் விசிலுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அது திடீரென்று வந்து போவது. அந்த இடத்தில் பேச்சு இல்லை என்றால் வெட்டி, ரூம் டோன் போட்டுவிடலாம். பேச்சு இருந்தால் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். அல்லது அடுத்த முறை, பேட்டிக்கு முன்பே அடுப்பை அணைக்கச் சொல்ல வேண்டும்.

தெளிவு, சமம், பின்னணி இசை

ஈக்வலைசர் என்பது சாம்பாரில் உப்பு புளி சரிபார்ப்பது மாதிரி. குரல் பானைக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் குறைக்கலாம். சொற்கள் மழுங்கினால் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் கூட்டலாம். 'கொஞ்சம்' என்றால் இரண்டு, மூன்று டெசிபல். 'ஸ', 'ஷ' ஒலிகள் ஊசி போல் குத்தினால் 'டி-எஸ்ஸர்' அந்த இடங்களை மட்டும் அடக்கும்.

அப்பத்தா சில வார்த்தைகளை உரக்கச் சொல்வார், சிலவற்றை முணுமுணுப்பார். கம்ப்ரஸர் இரண்டையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரும். அதில் 3-க்கு 1 என்று வைத்தால், குறிப்பிட்ட எல்லையை 3 டெசிபல் தாண்டிய குரலை 1 டெசிபல் மட்டுமே தாண்டியதாக அடக்கிவிடும். அதன் பிறகு மொத்தத்தையும் தூக்கினால் முணுமுணுப்பும் காதுக்கு எட்டும். ஆனால் இரைச்சலை நீக்கிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். முன்பே செய்தால் ஃபேனும் சேர்ந்து மேலே வரும்.

பின்னணி இசை போடுபவர்களுக்கு 'டக்கிங்' ஒரு வரம். பேச்சு வரும்போது இசை தானாகக் குனியும், பேச்சு நின்றதும் நிமிரும். பேச்சுக்குக் கீழே ஓடும் இசை, குரலைவிட 15 முதல் 20 டெசிபல் தாழ்வாக இருக்கட்டும். 25 வயது எடிட்டருக்குச் சரியாகக் கேட்கும் இசை, 70 வயது தாத்தாவுக்கு வார்த்தைகளை விழுங்கிவிடும். வயதாகும்போது முதலில் மங்குவது மேல் அதிர்வெண்களைக் கேட்கும் திறன்தான். சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்து ஒலிகளில் பல அங்கேதான் இருக்கின்றன. 'சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னுதான் புரியலை' என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

கடைசியாக, மொத்த உரப்பு. இதை லஃப்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். ஐரோப்பிய டி.வி-க்களுக்கு மைனஸ் 23 என்பது அளவு. யூடியூபில் மைனஸ் 14-ஐ ஒட்டி வைத்துக்கொள்வது வழக்கம். அதைவிட உரக்க இருந்தால் யூடியூபே குறைத்துவிடும் என்பதால், அதற்கு மேல் கத்திப் பயன் இல்லை.

'ழ' சோதனை

இவ்வளவும் இருந்தும் வீடியோக்கள் ஏன் கெடுகின்றன? பெரும்பாலும் ஒரே காரணம், பேராசை. இரைச்சல் நீக்கும் திருகாணியை நூற்றுக்கு நூறு வைத்தால் ஃபேன் போய்விடும். கூடவே குரலின் உயிரும் போகும். தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போலவோ, இயந்திரம் பேசுவது போலவோ ஆகிவிடும்.

ஏனென்றால் இரைச்சலும் குரலும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. ஒன்றைக் கழித்தால் மற்றதிலும் ஒரு துண்டு சேர்ந்து போகும். தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. ல, ள, ழ மூன்றும் காதுக்கு மிக நெருங்கிய ஒலிகள். அவற்றைப் பிரித்துக் காட்டும் நுண்ணிய வேறுபாடு மழுங்கினால் 'கல்' எது, 'கள்' எது என்று தெரியாது. 'மழை', 'மலை' ஆகிவிடும். மலையும் மழையும் சேர்ந்து வரும் அப்பத்தாவின் பர்மா கதையில் அது எவ்வளவு பெரிய நஷ்டம்!

அதனால் சுத்தம் செய்து முடித்ததும், ழகரமும் ளகரமும் வரும் நாலைந்து வாக்கியங்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஹெட்போனில் ஒரு முறை, செல்போன் ஸ்பீக்கரில் ஒரு முறை, டி.வி-யில் ஒரு முறை. அந்த எழுத்துகள் தெளிவாக இருந்தால் பாஸ். இல்லையென்றால் திருகாணியைப் பின்னால் திருப்ப வேண்டும். கொஞ்சம் ஃபேன் சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது வரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்னும் ஒரு படி மேலே. டாவின்சி ரிசால்வின் கட்டணப் பதிப்பில் உள்ள 'வாய்ஸ் ஐசொலேஷன்', பிரீமியரின் 'என்ஹான்ஸ் ஸ்பீச்' போன்றவற்றுக்குக் கைரேகைகூடத் தேவையில்லை. மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று அவற்றுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். குரல் போலத் தெரிவதை வைத்துக்கொண்டு, மற்றதைத் தூக்கிப்போட்டுவிடும். அவசர பேட்டிக்கும், தெருவில் எடுத்த வீடியோவுக்கும் இது பெரிய உதவி. ஆனால் எது சத்தம், எது நினைவு என்று அதற்குத் தெரியாது.

உரல் சத்தம்

சிவகங்கை வீட்டுக்கே திரும்புவோம். பேரன் இரண்டு நாள் உட்கார்ந்து வேலை பார்க்கிறான். செயற்கை நுண்ணறிவுத் திருகாணியை முழுசாக வைத்து, ஃபேன், குக்கர், இரும்பு வண்டி எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிடுகிறான். அப்பத்தாவின் குரல் மட்டும் தனியாக, ரேடியோ நிலையத்தில் பேசியது போலக் கேட்கிறது. பெருமையாக எல்லோரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுகிறான்.

அப்பா கண்ணை மூடிக் கேட்கிறார். அவர் பிறந்ததிலிருந்து கேட்ட குரல் அது. ஆனாலும் முகத்தில் ஏதோ குறைகிறது.

"எல்லாம் தெளிவா இருக்குடா. ஆனா உரல் சத்தத்தை ஏன் எடுத்தே? ஆத்தா அதை இடிக்காம ஒரு நாளாச்சும் பேசியிருக்காகளா?"

படத்தில் அப்பத்தாவின் கை இடிக்கிறது. சத்தம் இல்லை. மென்பொருளுக்கு அதுவும் ஓர் இரைச்சல்தான்.

நல்லவேளை, மூலம் பத்திரமாக இருக்கிறது. பேரன் மறுபடியும் உட்கார்கிறான். இந்த முறை ஒரே ஒலியை இரண்டு டிராக்குகளில் வைக்கிறான். ஒன்றில் சுத்தம் செய்த குரல். மற்றதில் ரீங்காரத்தை மட்டும் நீக்கிய மூலம், தாழ்வான அளவில். குக்கர் விசில் வரும் இடங்களில் மட்டும் மூலத்தை முழுவதுமாக இறக்கிவிடுகிறான். 'டொக்... டொக்...' என்று உரல் திரும்பி வருகிறது. அதன் பின்னால் ஃபேன் லேசாகக் கேட்கிறது. இருக்கட்டும். அந்த வீட்டுக் கூடத்தில் அது எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதுதானே!

ராத்திரி மறுபடியும் வீடியோ ஓடுகிறது. இந்த முறை யாரும் எழுந்து போகவில்லை. ஆற்றைக் கடந்த இடத்தில் அப்பத்தா கதையை நிறுத்தி, வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்கிறார். டி.வி-க்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பத்தா, தன் குரலையே கேட்டுவிட்டுப் பேரனிடம் திரும்புகிறார்.

"ஆமா, அந்தப் பாலம் உடைஞ்ச கதையைச் சொல்ல மறந்துட்டேனே. நாளைக்கு அந்த போனை எடுத்துட்டு வாய்யா. ஃபேனை அமத்திட்டே உக்காருவோம்."

பதிவுக்கு உட்காரும் முன்...

• செல்போனை ஒன்றரை அடி முதல் மூன்றடிக்குள் வையுங்கள். படம் தூரத்திலிருந்து வேண்டும் என்றால், இன்னொரு போனில் ஒலியை மட்டும் பக்கத்திலிருந்து பதியலாம். தொடக்கத்தில் ஒரு முறை கைதட்டினால் இரண்டையும் பொருத்துவது சுலபம்.

• ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டாரைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். முடித்ததும் ஃபிரிட்ஜை மறக்காமல் போடுங்கள்.

• வெற்றுச் சுவர் அறையைவிட, திரைச்சீலையும் மெத்தையும் துணி அலமாரியும் உள்ள அறை நல்லது. எதிரொலி குறையும்.

• பேச்சுக்கு முன் பத்து நொடி அறையின் மௌனத்தைப் பதியுங்கள்.

• எடிட்டிங் வரிசை: நகல், கேட்பது, அளவு, ரீங்காரம், இரைச்சல், ஈக்வலைசர், கம்ப்ரஸர், இசை, மொத்த உரப்பு.

• முடித்ததும் வீட்டில் வயதில் மூத்தவரிடம் கேட்கக் கொடுங்கள். அவருக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும்.